செருப்பைக் கழற்றும் இடம்

கொல்கத்தாவில் வீட்டுக்குள் நடப்பதற்கென்றே தனியாக ஒரு ஜோடி செருப்பு வைத்திருக்கிறார்கள். டாக்குரியாவில் வாடகை அறைக்கு நான் குடிவந்த அன்றே வீட்டுக்கார அம்மாள் நீல ரப்பர் செருப்பு ஒன்றை என் காலடியில் போட்டார். அவரை நான் மாஷிமா என்று கூப்பிடுகிறேன். நம் ஊரில் சித்தி என்கிற மாதிரி. "வெறுங்காலோட நடக்காதே, சளி பிடிக்கும்" என்றார். வெளியே மே மாத வெயில், தார் இளகிக் கிடந்தது. வாசலில் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இன்னொன்றை மாட்டிக்கொண்டு அடுப்படிவரை போய்வருகிற இந்தப் பழக்கம் எனக்குப் பிடிபடவே இல்லை. மாஷிமா பார்க்காத நேரமெல்லாம் வெறுங்காலோடுதான் நடந்தேன்.

தமிழர் என்றால் இந்த ஊர்க்காரர்கள் மனதில் ஒரு படம் தயாராக இருக்கிறது. தெற்குக் கொல்கத்தாவில் தலைமுறைகளாக வாழும் அதிகாரிக் குடும்பங்கள் வரைந்து கொடுத்த படம் அது. பேங்க் உத்தியோகம், தயிர்சாதம், மாலையில் பாட்டு வகுப்பு. நியூ டவுன் ஆபீசுக்கு அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகும் என்னையும் மாஷிமா அதற்குள் உட்காரவைத்துவிட்டார். "நம்ம மாத்ராஜி பொண்ணு, நல்ல குடும்பம்" என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருந்தார். எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்த பெண்ணை, குடும்பம் சரியில்லை என்று அனுப்பிவிட்டாராம். என் அப்பா மீன் மார்க்கெட்டில் கூடை தூக்குகிறவர். மாஷிமா அதைக் கேட்டதே இல்லை. மீன் சாப்பிடுவாயா என்று மட்டும் கேட்டார். தலையும் சாப்பிடுவேன் என்றேன். "அப்போ நீ பாதி பெங்காலி" என்று சிரித்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை டாலிகஞ்சில் ஒரு சினிமா மன்றத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வீட்டைப் பறிகொடுத்து மேம்பாலத்தின் அடியில் வந்து விழும் ஒரு குடும்பத்தின் கதை. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். படம் நெடுக ஒரே சாம்பல் நிற வெளிச்சம். அந்தக் குடும்பம் சண்டை போடுவதில்லை, கேலி பேசுவதில்லை, யாராவது பார்த்தால் போதும், கண் கலங்குகிறது. அரங்கமும் கலங்கியது. மூக்கு உறிஞ்சும் சத்தம் வரிசை வரிசையாகக் கேட்டது. எனக்கு அழுகை வரவில்லை.

பிறகு ஒரு காட்சி. அந்த அம்மா பாலத்தடியில் பிளாஸ்டிக் பாயை விரித்து நான்கு மூலையிலும் கல் வைக்கிறாள். சிறுவன் ஓடிவந்து பாயில் கால் வைக்கப் போகிறான். "செருப்பை வெளியே விட்டுட்டு உள்ளே வா" என்கிறாள். அரங்கமே சிரித்தது. குரூரமான சிரிப்பில்லை, அழுது களைத்தவர்களுக்குக் கிடைத்த சின்ன இளைப்பாறல். என் பக்கத்தில் மாஷிமா தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

எங்கள் வீடு வடசென்னையில், ஒரு கிடங்குச் சுவரை ஒட்டிய நடைபாதையில் இருந்தது. மேலே தார்ப்பாய், உள்ளே ஸ்டவ், துணிமணிக்கு ஒரு தகரப் பெட்டி. நடைபாதைக் கல்லின் விளிம்புதான் வாசல். அம்மா காலையில் அங்கே தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவாள். எங்கள் செருப்புகள் அதற்கு வெளியே, சாலையோரம் வரிசையாக நிற்கும். தெரியாமல் விளிம்புக்கு உள்ளே மிதித்துவிட்டுப் போகிறவர்களை அம்மா சும்மா விடமாட்டாள். "யோவ், ஊட்டுக்குள்ள செருப்போட வர்றே?" என்பாள். எங்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்லி எத்தனையோ பேர் வந்தார்கள். ஷூக்காலோடு பாயில் நின்று பேசினார்கள். அம்மா தலைநிமிராமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மாநகராட்சிப் பள்ளி டீச்சர் ஒருவர் வந்தார். யாரும் சொல்லாமலே விளிம்பில் செருப்பைக் கழற்றினார், "உள்ளே வரலாமா?" என்று கேட்டார். அம்மா முந்தானையால் பாயைத் துடைத்தாள். அந்த வாரமே நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள்.

சென்னையில் படத்தின் கடைசிப் பெயர்கள் ஓடுவதற்குள் பாதிக் கூட்டம் வண்டி ஸ்டாண்டில் இருக்கும். இங்கே யாரும் போவதில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்து விவாதிக்கிறார்கள். ஒரு குர்தாக்காரர் எழுந்து, அந்தச் செருப்புக் காட்சி இயக்குநரின் நையாண்டி என்றார். "எல்லாம் போன பிறகும் மனிதன் சடங்கை விடுவதில்லை, பாருங்கள்." பலர் தலையாட்டினார்கள். எழுந்து பேசினால் மாஷிமா வீட்டு அறை என் கையைவிட்டுப் போகலாம் என்று எனக்குத் தெரியும். எழுந்தேன்.

"அது நையாண்டி இல்லை. அங்கே ஒரு வீடு இருக்கிறது. நீங்கள் சுவரைத் தேடுவதால் தெரியவில்லை" என்றேன், எனக்குத் தெரிந்த வங்காளத்தில்.

விவாதத்தை நடத்தியவர் ஆர்வமாக முன்னால் சாய்ந்தார். "நடைபாதை மக்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? தொண்டு நிறுவனமா?"

"இல்லை. குடியிருந்தேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் ஈரக் குரலில் கேட்டார்: "அப்படியானால் தெருவிளக்கில் படித்தாயா, மா?" தெருவிளக்கில் படித்துப் பெரியவரான ஒருவரின் கதை இந்த ஊரில் எல்லாக் குழந்தைக்கும் தெரியும்.

"தெருவிளக்கில் பூச்சி விழும். பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம், அது சிரிக்க வேண்டிய இடம். வெளியே வரும்போது அந்தப் பெண் என் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்க வந்தார். நான் தலையை விலக்கிக்கொண்டேன்.

ஆட்டோவில் மாஷிமா முதலில் சில்லறையை எண்ணி வைத்துக்கொண்டார். பிறகு, "முன்னாடியே ஏன் சொல்லலை?" என்றார்.

"நீங்க கேட்கலை, மாஷிமா. மீன் மட்டும்தான் கேட்டீங்க."

அவர் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று இரவுச் சாப்பாட்டை மேஜையில் மூடிவைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டார். நான் அலமாரி மேலிருந்த என் பெட்டியை இறக்கிவைத்தேன். துணி அடுக்கவில்லை. அனுப்பட்டும், நானாகப் போகமாட்டேன் என்று இருந்தேன்.

காலையில் டீயோடு வந்தார். வழக்கம்போல் வீட்டுச் செருப்போடு என் அறைக்குள் ஒரு கால் வைத்தார். எனக்கு முன்னால் அம்மாவின் குரல் பேசிவிட்டது.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ளே வாங்க, மாஷிமா."

அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "இது என்னோட வீடு" என்றார்.

"வீடு உங்களது. இந்த அறை நான் குடியிருக்கிறது."

டீ ஆறிக்கொண்டிருந்தது. மாஷிமா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகக் கழற்றினார். "சளி பிடிச்சா நீதான் மருந்து வாங்கித் தரணும்" என்று முணுமுணுத்தபடி நுனிக்காலில் நடந்துவந்து, கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தார். "பெட்டியை மேலே வை. வழியில் தடுக்குது."

அம்மா இப்போது சென்னைக்கு வெளியே, வாரியக் குடியிருப்பின் ஐந்தாம் மாடியில் இருக்கிறாள். கதவு இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. அங்கேயும் செருப்பு வெளியேதான். இரண்டு ஜோடி திருடுபோன பிறகும். நானும் நீல ரப்பர் செருப்பை இப்போது தவறாமல் போட்டுக்கொள்கிறேன், கூடத்தில், அடுப்படியில், மாஷிமாவோடு செய்தி பார்க்கும்போது. என் அறை வாசல் வந்ததும் கழற்றி வைக்கிறேன். அதுவரைக்கும் கொல்கத்தா. நிலையைத் தாண்டி வெறுங்காலை உள்ளே வைத்தால் எங்கள் நடைபாதை.