மிகச் சரியாக வந்த முடிவு

நான் யாரையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. சிட்லபாக்கத்தில் காய்கறிக்காரர் கொத்தமல்லியைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டால், தக்காளியில் எத்தனை அழுகல் என்று அங்கேயே பையைக் கொட்டிப் பார்ப்பேன். தாம்பரத்தில் கல்லூரி வேலை. மென்பொருளில் பிழைகளைத் தேடுவது என் ஆராய்ச்சி. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

என்னிடம் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர் சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். சனிக்கிழமைகளில் வருவார். அவருக்கு நான் மேடம், எனக்கு அவர் சார். நிரலின் எந்தப் பகுதியில் பிழை வரும் என்று முன்கூட்டியே சொல்லும் முறை ஒன்றை உருவாக்கியிருந்தார். சோதனையில் கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு சரி. அதுதான் உறுத்தியது. எங்கள் துறையில் அப்படியெல்லாம் வராது.

ஆய்வுச் சுருக்கத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். பதிவுக்காலம் முடிய இரண்டு வாரம். தவறினால் அவருடைய ஆறு வருட உழைப்பு வீண். ஆபீஸில் யாரையோ பிடித்து நிரலை எழுதி வாங்கியிருப்பார் என்று நினைத்தேன். இவ்வளவு சரியாக எப்படி வந்தது என்று கேட்டால் குனிந்துகொண்டு மழுப்பினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

நிரலை வாங்கி வரிவரியாகப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. பிறகு தரவைத் திறந்தேன். ஒரே பிழை அறிக்கை மூன்று, நான்கு முறை இருந்தது. அவருடைய முறையைப் பழக்கவும் அதுவே, சோதிக்கவும் அதுவே. விடையைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுகிற கதைதான். பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அந்தத் தரவைத் தொகுத்தவள் நான். எனக்குப் பெயரும் பதவி உயர்வும் வாங்கித் தந்த தொகுப்பு அது.

அடுத்த சனிக்கிழமை அவரிடம் கேட்டேன். போன வருஷமே கவனித்துவிட்டாராம்.

“அப்புறம் ஏன் சார் சொல்லல?”

“அது உங்க டேட்டா மேடம். சொன்னா எனக்குக் கையெழுத்து போடுவீங்களான்னு சந்தேகமா இருந்தது.”

கோபம் வந்தது. அது போன இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவருக்குக் கால நீட்டிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில், நெறியாளர் தந்த தரவில் பிழை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கடிதத்தை வாங்கிக்கொண்டு அவர் நின்றார். நீங்கள் அன்றே சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன் சார் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை.