அப்பாவின் அடியை மறித்தவள்

எங்கள் அப்பா எந்தக் கதையைத் தொடங்கினாலும் "அந்தக் காலத்திலை" என்றுதான் தொடங்குவார். வெங்காயத்துக்குத் தண்ணீர் விடும்போதும், புட்டுக்குக் குழம்பு ஊற்றும்போதும், கோப்பாய்ச் சந்தியில் பேருந்துக்குக் காத்து நிற்கும்போதும் அந்தக் காலம் எங்களோடு கூடவே வந்துவிடும். அந்தக் காலத்தில் மழை பெய்ய வேண்டிய மாதத்தில் பெய்தது. கத்தரிக்காயில் புழு இருக்கவில்லை. யாரும் யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் காலத்தில் கரப்பந்தாட்டம் கரப்பந்தாட்டமாக இருந்தது.

அம்மா கொடிகாமத்திலிருந்து கலியாணம் கட்டி வந்தவர். அப்பா ஆடியதை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆகவே சந்தேகப்படும் உரிமை அவருக்கு இருந்தது.

"சண்டையே இல்லாத காலமெண்டா உங்கடை புருவத்திலை உந்தத் தையல் எப்பிடி வந்தது?" என்று ஒருநாள் கேட்டார்.

அது நடுவரோடு ஏற்பட்ட சிறிய கருத்து வேறுபாடு என்று அப்பா விளக்கினார்.

எட்டு வயதான எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அப்பா சொன்ன கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய அடியைப் பற்றியது. வாசிகசாலைக்குப் பின்னால் இருக்கும் மைதானம். கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த பெரிய அணி. கடைசிப் புள்ளி. பந்து உயர்ந்ததும் அப்பா துள்ளுவார். கண் இடது மூலையைப் பார்க்கும். எதிரணிக்காரர் எல்லோரும் அந்தப் பக்கம் பாய்வார்கள். கை வலது மூலைக்கு அடிக்கும். பந்து விழுந்த இடத்தில் செம்மண் புகையாக எழும்பும். அந்த அடியை அந்தக் காலத்தில் எவனும் மறித்ததில்லை. அப்பா இதை முற்றத்தில் எழுந்து நின்று நடித்தே காட்டுவார். பந்துக்குப் பதிலாகக் கையில் அகப்பட்ட எதுவும் பறக்கும். ஒருமுறை உரித்த தேங்காய் ஒன்று பறந்துபோய்க் கிணற்றுக்குள் விழுந்தது.

அந்த அணியில் அவரோடு ஆடியவர்களில் பலர் கனடாவிலும் லண்டனிலும் இருந்தார்கள். சிலர் எங்குமே இல்லை. அவர்களுடைய பெயர்கள் வரும்போது அப்பாவின் குரல் கொஞ்சம் இறங்கும். பிறகு பந்து மறுபடியும் உயரும்.

அக்காவும் இதே கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். பாடசாலை அணியில் கரப்பந்து ஆடினாள். அப்பா அதைத் தடுக்கவில்லை. ஒருநாளாவது பார்க்கப் போகவுமில்லை. மாவட்டப் போட்டியில் வென்று அவள் சான்றிதழோடு வந்த அன்று, அப்பா தோட்டத்து மண் ஒட்டிய கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு அதை வாங்கிப் பார்த்தார்.

"நல்லம் பிள்ளை," என்றார். பிறகு, "ஆனா, இப்பத்தைய ஆட்டம்…" என்று இழுத்தார். சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஆடுவதையும், பந்து இப்போது பஞ்சு மாதிரி இருப்பதையும் பற்றிச் சாப்பாடு முடியும்வரை கதைத்தார். வழக்கமாக அப்பாவின் கதைக்கு "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் அக்கா, அன்று ஒரு "ஓம்" கூடச் சொல்லவில்லை.

அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டுக்கு வாசிகசாலையில் விளையாட்டு விழா வைத்தார்கள். பக்கத்து ஊர்ப் பழைய ஆட்டக்காரர்களோடு எங்கள் ஊர்ப் பழைய ஆட்டக்காரர்கள் மோதுவதாக ஏற்பாடு. அப்பாவுக்குப் புதிய உயிர் வந்தது. விடியற்காலையில் தோட்டத்து வரம்பால் ஓடப் போகிறேன் என்று புறப்படுவார். அவர் தேநீர்க் கடைவரைக்கும் ஓடுவதாகவும், திரும்பி வரும்போது நடந்தே வருவதாகவும் அம்மாவுக்கு நம்பகமான இடத்திலிருந்து தகவல் கிடைத்தது. இருந்தாலும், பழைய அணிச் சட்டையின் இரண்டு பக்கத்தையும் பிரித்துத் துணி கொடுத்துத் தைத்துக் கொடுத்தவரும் அம்மாதான்.

விழாவன்று பின்னேரம் ஊரே திரண்டு வந்திருந்தது. பக்கத்து ஊர்க்காரர் மட்டும் வரவில்லை. அவர்களுடைய ஊரில் திடீரென்று ஒரு செத்தவீடு. ஆட்கள் எல்லோரும் அங்கே போய்விட்டார்கள் என்று செய்தி வந்தது. கட்டிய வலை சும்மா கிடந்தது. ஒலிபெருக்கிக்காரர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவின் அணி அன்று காலையில் ஒரு காட்சி ஆட்டம் ஆடிவிட்டு அங்கேயே நின்றது. அவர்களுடைய விளையாட்டு ரீச்சர் ஒலிபெருக்கிப் பக்கம் வந்தார்.

"எங்கடை பிள்ளையள் நிக்கினம். வேணுமெண்டா விளையாடலாம்."

பழைய ஆட்டக்காரர் எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கொஞ்சம் பலமாகவே சிரித்தார். "பெட்டையளோடையோ? கையிலை பட்டா நொந்துபோகுங்கள்."

"நொந்தா எண்ணெய் பூசுவம்," என்றார் ரீச்சர். ஒலிவாங்கி அவர் கையில் இருந்ததால் அது ஊர் முழுவதற்கும் கேட்டது. "உங்களுக்கு ஏலுமோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."

இனிப் பின்வாங்க வழியில்லை. வலையை ஆண்களின் உயரத்துக்குக் கட்டுவதா, பெண்களின் உயரத்துக்குக் கட்டுவதா என்று நடுவர் கேட்டார். பழைய ஆட்டக்காரர்கள் தலையை அண்ணாந்து வலையைச் சற்று நேரம் பார்த்தார்கள். "பிள்ளையள் பாவங்கள். இறக்கிக் கட்டுங்கோ," என்றார் மாமா. அவர் அப்பாவின் தங்கையைக் கட்டியவர். அந்தக் காலத்தில் அப்பாவுக்குப் பந்தை உயர்த்திக் கொடுத்தவரும் அவர்தான். பிள்ளைகள்மேல் இரக்கப்பட்டு மற்றவர்களும் உடனே தலையாட்டினார்கள்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தண்ணீர்த் தாங்கியடியில் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, அப்பா அடிச்சா மறிக்காதை. விட்டிடு."

"என்னத்துக்கு?"

"அப்பா பாவம்."

அக்கா முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். "விட்டா, அப்பாவுக்கு அது தெரியாதெண்டு நினைக்கிறியோ?"

"தெரியாது."

"தெரியும். அவர் விளையாடின மனுசன்," என்றுவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அது மறுமொழியாகவே படவில்லை.

ஆட்டம் தொடங்கியது. முதல் சுற்றில் அக்கா பின்வரிசையில் நின்றாள். மாமா பந்தை உயர்த்தினார். அப்பா துள்ளினார். கதையில் வருகிற அளவுக்கு உயரவில்லைதான், ஆனாலும் துள்ளினார். கண் இடது பக்கம் போக, பிள்ளைகள் அந்தப் பக்கம் சரிய, பந்து வலது மூலையில் 'டமார்' என்று விழுந்தது. செம்மண் உண்மையாகவே புகையாக எழும்பியது. கதிரையில் இருந்த அம்மா எழுந்துவிட்டார். என் தோளைப் பிடித்தபடி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"உண்மைதானடி பிள்ளை."

அந்த நேரம் எனக்குள் எழுந்த பெருமையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்கெல்லாம், "அது என்ரை அப்பா," என்று சொன்னேன். அவர்களுக்கு அது முன்பே தெரியும்.

முதல் சுற்றைப் பழையவர்கள் வென்றார்கள். இரண்டாவது சுற்றில் அவர்களுக்கு மூச்சு வாங்கியது. மாமா இடையில் ஒருதரம் வேப்பமர நிழலில் போய் இருந்துவிட்டு வந்தார். அந்தச் சுற்று பிள்ளைகளுக்கு. மூன்றாவது சுற்று முடியும் தறுவாயில், இடம் மாறி மாறி வந்து, அக்கா வலையோரம் அப்பாவுக்கு நேரெதிரே வந்து நின்றாள்.

பந்து உயர்ந்தது. அப்பா துள்ளினார். கண் இடது மூலைக்குப் போனது. மற்றப் பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பக்கம் பாய்ந்தார்கள். அக்கா பாயவில்லை. அப்பாவின் வலது பக்கமாக ஒரு எட்டு வைத்து எழும்பினாள். இரண்டு உள்ளங்கைகளும் வலைக்கு மேலே நின்றன. பந்து அதில் பட்டு, அப்பாவின் காலடியிலேயே விழுந்தது. அப்பா நிலை தவறிப் புழுதிக்குள் இருந்துவிட்டார்.

ஒலிபெருக்கிக்காரர் ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"உனக்கு எப்பிடியடி தெரியும்?" என்றார் அப்பா, நிலத்தில் இருந்தபடியே.

"நீங்கள்தானே அப்பா ஒவ்வொரு நாளும் சொல்லுறனீங்கள்."

சனம் வெடித்துச் சிரித்தது. அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அடுத்த பந்து அவருக்குத்தான் உயர்ந்தது. மறுபடியும் கண் இடது மூலையைப் பார்த்தது. அக்கா வலது பக்கம் எழும்பினாள். அப்பா பார்த்த பக்கத்துக்கே அடித்தார். பந்து வெறும் நிலத்தில் விழுந்தது. அப்பா வலைக்கு அருகே போய் அக்காவை நோக்கி விரலை ஆட்டினார்.

"உது கதையிலை இல்லாத அடி!"

அக்கா வலைக்கு அந்தப் பக்கம் குனிந்து முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். வீட்டில் அவர்கள் இருவரும் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

ஆனால் கடைசிப் பந்துக்கு அவள் அப்பாவின் கண்ணைப் பார்க்கவேயில்லை. கதையையும் நம்பவில்லை. அவருடைய கையை மட்டும் பார்த்துக்கொண்டு, அது அசையும்வரை பொறுத்திருந்து எழும்பினாள். அப்பா தன் பலம் முழுவதையும் திரட்டி அடித்த அடி அது. அதையும் மறித்தாள். ஆட்டம் முடிந்தது. அம்மா கைதட்டிக்கொண்டிருந்தார். யாருக்காகத் தட்டுகிறார் என்று கேட்கக்கூடப் பொறுமையில்லாமல், நான் அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அன்று இரவு நான் அக்காவோடு கதைக்கவில்லை. சாப்பிடும்போது அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். அப்பாவின் முழங்காலில் அம்மா எண்ணெய் பூசித் துணி சுற்றியிருந்தார். அப்பா புட்டைப் பிசைந்துகொண்டே அக்காவின் கைகளைப் பார்த்தார்.

"இஞ்சை நீட்டு பாப்பம்."

அக்கா இரண்டு கைகளையும் நீட்டினாள். உள்ளங்கைகள் சிவந்திருந்தன.

"நொந்ததோ?"

"ஓம் அப்பா. சரியா நொந்தது."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. பிள்ளைக்கு நொந்ததென்று மகிழ்கிற ஒரு தகப்பனை நான் அன்றுதான் கண்டேன். அதோடு நிற்காமல், "எழும்பேக்கை கண்ணை மூடாமல் எப்பிடி நிண்டனி?" என்று கேட்டார். அக்கா சொன்னாள். ரீச்சர் அதை எப்படிப் பழக்கினார், கால் எப்படி வைக்க வேண்டும், விரல்களை எப்படி விரிக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். அப்பா குழம்பு ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அக்கா சொல்ல அப்பா "ஓம், ஓம்" என்று கேட்டது அன்றுதான்.

மறுநாள் காலை வெங்காயத்தைத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுபோகும்போது அப்பா என்னையும் மோட்டார் சைக்கிளில் முன்னால் ஏற்றிக்கொண்டார். எனக்குப் போக மனமில்லை. அங்கே எல்லோருக்கும் செய்தி போயிருக்கும். நான் நினைத்தது சரிதான். மூட்டையை இறக்கும் முன்பே ஒரு வியாபாரி கேட்டுவிட்டார்.

"என்னண்ணை, நேற்று மகளிட்டை நல்லா வாங்கிக் கட்டினியளாம்?"

அப்பா மூட்டையை மெல்ல இறக்கி வைத்தார். சாரத்தை மடித்துக் கட்டினார். பிறகு, கட்டுப்போட்ட முழங்காலோடு சந்தை நடுவில் நின்று முழுவதையும் நடித்துக் காட்டினார். அவர் அடித்தார். அவரே அக்காவாகி மறித்தார். விழுந்ததைக்கூட விடாமல் குந்திக் காட்டினார். தேங்காய் விற்பவரும் கீரை விற்கும் ஆச்சியும் வியாபாரத்தை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அந்தக் காலத்திலை அப்பிடி மறிக்க ஒருத்தன் இருக்கேல்லை. நானும் எத்தினை ஊருக்குப் போய் விளையாடினனான், ஒருத்தனைக் காணேல்லை," என்றார் அப்பா. "இவள் மறிச்சவள். என்ரை பிள்ளை."

பலாப்பழக்காரருக்கு ஒருமுறை சொன்னார். உரம் விற்கும் கடையில் ஒருமுறை சொன்னார். நாங்கள் தேநீர்க் கடைக்கு வந்து சேருமுன் வலை ஆண்களின் உயரத்துக்கு ஏறிவிட்டது. பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அப்பா எனக்குச் சுடச்சுட இனிப்பு வாய்ப்பன் வாங்கித் தந்திருந்தார்.

அதற்குப் பிறகு அக்கா ஆடிய எந்த ஆட்டத்தையும் அப்பா தவறவிட்டதில்லை. இன்று அவள் ஒரு பாடசாலையில் விளையாட்டு ஆசிரியை. அவள் பழக்கும் பிள்ளைகள் ஆடும் இடங்களுக்கும் அப்பா போகிறார். நடுவரோடு சிறிய கருத்து வேறுபாடுகளும் வருகின்றன. இதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்று சந்தையால் திரும்பும்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அப்பா தோற்றுவிட்டார், அதையும் ஊர் முழுவதும் தானே சொல்லிக்கொண்டு திரிகிறார்.

"அப்பா, தோத்ததை ஏன் எல்லாருக்கும் சொல்லுறியள்?" என்று கேட்டேன்.

"ஆர் தோத்தது?"

விழுந்தபோது அவருக்குத் தலையிலும் அடிபட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். பாவம், ஆட்டம் எப்படி முடிந்ததென்றே அவருக்கு விளங்கவில்லை. காற்றில் கேட்கும்படி பலத்த குரலில், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

"முதலாவது நீங்கள் வெண்டனீங்கள். ரெண்டாவது அக்கா ஆக்கள். மூண்டாவதும் அக்கா ஆக்கள். அப்ப நீங்கள்தானே அப்பா தோத்தது?"

"ஓம் பிள்ளை, ஓம்," என்றார் அப்பா.

மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். இன்னும் விளங்கவில்லைப் போலிருக்கிறது என்று எண்ணி, நான் மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.