அமெரிக்காவுக்கு ஒரு ஒத்திகை

மூன்று வருடங்களுக்கு முன், மே மாதக் கடைசியில், ஜெர்மனியில் ஹனோவரிலிருந்து வடக்கே போகும் ஒரு கிராமத்துச் சாலையில் நடந்தது இது. நான் ஒரு வீட்டு வாகனத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் வைத்து, ஜெர்மன்காரர் விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்துப் போவார்களே, அந்த வண்டிதான். அதுவரை எங்கள் சின்னக் காரைத் தவிர வேறு எதையும் நான் ஓட்டியதில்லை. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் தட்டுகள் கலகலத்தன. பக்கத்து இருக்கையில் என் கணவர் மடியில் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு, "பெரிய தெருவெண்டால் தட்டு உடையாது. அமெரிக்காவில தெரு நேர்" என்று எழுதிக்கொண்டே சொன்னார்.

இவருக்கு அமெரிக்கா என்றால் நியூயோர்க் இல்லை. பள்ளிக்கூட நாட்களில் யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் ஒளித்துப் போய்ப் பார்த்த கௌபாய் படங்களின் அமெரிக்கா. மரத்தால் கட்டிய பழைய பட்டணங்கள், புழுதி, மாட்டுப் பண்ணைகள், குதிரைகள். முப்பது வருடம் இந்த நாட்டு உணவகச் சமையலறைகளில் நின்றே கால் வீங்கிய மனிதர், எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அந்த மேற்கு மாநிலங்களின் வரைபடத்தை ஒட்டி வைத்திருந்தார். வீட்டு வாகனம் எடுத்து ஊர் ஊராகப் போவது, ஒரு பண்ணையில் இறங்கிக் குதிரையில் ஏறுவது. இதுதான் அவருடைய ஆசை. இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம்.

அந்தப் பயணத்துக்கு ஒரு வருடம் முன்பு அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். இவர் பேசுகிற ஜெர்மன் வெறும் சமையலறை ஜெர்மன். வெங்காயம், அடுப்பு, முதலாளியின் கோபம் வரைக்கும் போதும். கடிதம் வந்தால் பிரிக்காமலே என்னிடம் நீட்டுவார். நான் முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறவள், அதனால் டொக்டரிடம் டெர்மின், அதாவது நேரம் குறித்துப் போவது, என்றால் மொழிபெயர்ப்பு எப்போதும் என் வேலை. அன்றைக்கு டொக்டர் சுற்றி வளைக்கவில்லை. குணமாக்க முடியாது, சிகிச்சையால் ஒரு நல்ல கோடைகாலம் கிடைக்கலாம், செய்ய ஆசைப்பட்டது ஏதாவது இருந்தால் இந்தக் கோடையிலேயே செய்யட்டும் என்றார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

இவர் என் முகத்தைப் பார்த்தார். நான், "மருந்து தொடங்கினால் மெல்ல மெல்ல நல்லா வருமாம். பொறுமையா இருக்கட்டாம்" என்றேன்.

எங்கள் ஆட்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. நோயின் பெயர் நோயாளிக்கும் தெரியும், அதன் முடிவு மட்டும் அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும். இவருடைய சகோதரங்கள் கனடாவிலிருந்து போன் எடுத்து, சொல்லிப் போடாதேங்கோ, மனம் உடைஞ்சால் ஆள் தாங்காது என்று அழுதார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேலையிடத்தில் ஜெர்மன் பிள்ளைகள் தாயின் கட்டிலருகே கோப்பி குடித்தபடி அவளுடைய சாவைப் பற்றி அவளோடேயே பேசுவதைப் பார்த்து, இதுகளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று எத்தனையோ தடவை கரித்துக் கொட்டியிருக்கிறேன்.

வெளியே வந்ததும் இவர், "அப்ப அமெரிக்கா அடுத்த வருஷம் போவம். முழுசாச் சுகமாகட்டும்" என்றார். நான் தலையாட்டினேன்.

அந்தக் கோடை நன்றாகத்தான் இருந்தது. பசித்தது, நடந்தார், சிரித்தார். ஆனால் ஒரு இடமும் போகவில்லை. உடம்பைத் தேற்ற வேண்டும் என்று பால்கனிக் கதிரையிலேயே உட்கார்ந்து, டொக்டர் சொன்ன அந்த நல்ல கோடை முழுவதையும் கஞ்சி குடித்துக் கழித்தார். நான் பக்கத்திலிருந்து கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன்.

அடுத்த வசந்தத்தில் விமானம் ஏற ஏலாது என்றாகிவிட்டது. அப்போதுதான் எனக்கு இந்த யோசனை வந்தது. ஜெர்மன்காரருக்கும் கௌபாய் பைத்தியம் உண்டு. பழைய அமெரிக்கப் பட்டணம் மாதிரியே மரத்தால் தெரு கட்டி வைத்திருக்கிறார்கள், ராஞ்ச் என்று பெயர் வைத்துக் குதிரைப் பண்ணை நடத்துகிறார்கள். ஒரு வீட்டு வாகனம் எடுத்து ஒரு கிழமை, ஏழு நாளும் சுற்றுவோம், அமெரிக்காவுக்கு ஒத்திகையாக இருக்கும் என்றேன். நம்பினார். அன்றைக்கே கொப்பி வாங்கிவரச் சொன்னார், பிழைகளைக் குறித்து வைக்க.

முதலில் போன பட்டணத்தில் இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சலூன் என்று பெயர் போட்ட மதுக்கடையில் உருளைக்கிழங்கு சலாட் விற்றார்கள். நட்சத்திரம் குத்திய ஷெரிப் வேஷக்காரர் வந்து எங்கள் வண்டி கோட்டைத் தாண்டி நிற்கிறது என்று திருத்தி நிறுத்த வைத்தார். மதியம் ஒன்றிலிருந்து மூன்று மணி வரை ஓய்வு நேரம், துப்பாக்கிச் சண்டை கிடையாது என்று பலகை மாட்டியிருந்தது. வெயிலில் எனக்குத் தலையிடித்தது. இவர் ஒரு கடையில் தொப்பி ஒன்றை எடுத்து என் தலையில் வைத்து, வாங்குவமோ என்று கேட்டார். அமெரிக்காவில வாங்குவம் என்று கழற்றி வைத்தேன். அதையும் நான்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு குதிரைப் பண்ணையில் வண்டியை நிறுத்தினோம். உரிமையாளருக்கு எழுபது வயது இருக்கும். இவருடைய மஞ்சள் பூத்த கண்ணையும், இடுப்பில் நிற்காத காற்சட்டையையும் பார்த்துவிட்டு, என்ன வருத்தம் என்று நேராகவே கேட்டார். இவர் வயிற்றைத் தொட்டுக் காட்டி நோயின் பெயரைச் சொன்னார். அந்த மனிதர் வேலியில் சாய்ந்துகொண்டு, தன் மனைவிக்கும் அதேதான் என்றார். டொக்டர் ஒளிக்காமல் சொன்னாராம். அந்த மாதமே இரண்டு பேரும் அமெரிக்கா போய், பண்ணை பண்ணையாகத் திரிந்து வந்தார்களாம். அங்கே அவள் சிரித்த மாதிரி வாழ்நாளில் சிரித்ததில்லை, வந்து நாலு மாதத்தில் போய்விட்டாள் என்றார். மிக எளிய ஜெர்மன். இவருக்கு என் உதவி தேவைப்படவில்லை.

இவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். "டொக்டர் உம்மட்ட அப்பிடி ஒண்டும் சொல்லேல்லைத்தானே?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாங்கள் இரண்டு பேரும் ஒரு குதிரையும் அந்த மனிதரும்தான் அங்கே நின்றோம். வாயைத் திறந்தேன். "இல்லையப்பா. உங்கட வேற மாதிரி" என்றேன்.

இவருடைய தோள் நிம்மதியில் அப்படியே தளர்ந்து இறங்கியது. அந்த மனிதரின் கையைப் பிடித்து, மனைவிக்காக ஆறுதல் சொன்னார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு கிழட்டுப் பெட்டைக் குதிரையைக் காட்டி, பூனை மாதிரிச் சாது, ஏறுங்கள், நானும் மகளும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிறோம் என்றார். இவர் குதிரையின் கழுத்தை நீண்ட நேரம் தடவினார். காலடியில் ஏறுபடியைக்கூடக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

பிறகு இவர் கையை எடுத்துவிட்டார். "இப்ப வேண்டாம். விழுந்து கிழுந்து எலும்பு முறிஞ்சால் அமெரிக்காப் பயணம் கெட்டுப்போம்" என்று என்னிடம் சொன்னார். இந்த ஒன்றை மட்டும் நான் பிழையில்லாமல் மொழிபெயர்த்தேன். அந்த மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏறுபடியைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஏழு கிழமையில் இவர் போய்விட்டார். கடைசி வரை நான் சொல்லவில்லை, அவரும் திரும்பக் கேட்கவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள், ஒண்டும் தெரியாமல் நிம்மதியாப் போயிட்டார், நீங்கள் புண்ணியம் செய்தனீங்கள் என்று என் கையைப் பிடித்தார்கள். எல்லோரும் போனபின் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி பெரிதாக வேண்டும், தட்டுகளுக்கு இடையில் துணி வைக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் பிழைகளைக் குறித்திருந்தார். கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி. முதலாவது, குதிரை ஏறுவது அங்கே போய். இரண்டாவது, இவவுக்குத் தொப்பி.

இப்போதும் டொக்டரிடம் மொழிபெயர்க்க எங்கள் ஆட்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். டொக்டர் சொல்வதை அப்படியே சொல்வதென்றால் வருகிறேன் என்பேன், கல்நெஞ்சுக்காரி என்று சிலர் போனை வைத்துவிடுவார்கள். ஆனால் அதனால் எனக்கு மனம் ஆறிவிடவில்லை. அவருக்கு மிச்சமிருந்த ஒரேயொரு கோடையை நான் அவரிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டேன், அதை அன்பு என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வருவதில்லை.