கட்டம் போட்ட சிப்பாய்கள்

எங்கள் வீட்டுக்கு ஒதுக்கிய பொறுமை முழுவதும் அண்ணனுக்கே போய்விட்டது. எனக்கு மிச்சம் வைக்கவில்லை. ஒரு இயந்திரம் நான் சொன்னதைக் கேட்கவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது, பக்கத்தில் இருப்பவர்களையும் நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டேன். டாஸ் காலத்துப் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேனே, அதற்குக் காரணம் அண்ணன் மேல் இருந்த பாசம் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் பாதிக்கு மேல் வீம்புதான்.

அந்த விளையாட்டை நாங்கள் முதலில் பார்த்தது தொண்ணூறுகளின் நடுவில். நான் பத்தாவது எழுதி முடித்த கோடை. பட்டுத் தறி ஓடும் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத் தூரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. அங்கே மாஸ்டர் எங்கிருந்தோ ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிவந்து, பூப்போட்ட துணி போர்த்தி, மேலே சந்தனப் பொட்டு வைத்து உட்காரவைத்திருந்தார். அதைத் தொடும் முன் கை கழுவ வேண்டும். நான் அங்கே கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளப் போனேன். என்னைவிட மூன்று வயது மூத்த அண்ணன் அப்போதே படிப்பை விட்டுத் தறியில் உட்கார்ந்துவிட்டான். சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக வருவான். வகுப்பு முடிந்தபின் மாஸ்டர் நல்ல மனநிலையில் இருந்தால் அரை மணி நேரம் விளையாட விடுவார்.

கறுப்புத் திரையில் எல்லாமே மஞ்சளாகத் தெரியும். எழுத்து மஞ்சள், கோடு மஞ்சள், ஆள் மஞ்சள். ஒரு திருடன் கோட்டைக்குள் புகுந்து வாசல் வாசலாகத் தாண்டிப்போய் ரத்தினங்களை எடுக்க வேண்டும். வழியில் இரண்டு வகைச் சிப்பாய்கள். வெறும் சட்டைக்காரன் மேலே பட்டால் உயிர் போச்சு. கட்டம் போட்ட சட்டைக்காரன் நல்லவன், தொட்டால் சாவி தருவான். அந்தத் திரைக்கு வேறு நிறம் தெரியாது என்பதால் நிறத்துக்குப் பதில் கட்டத்தைப் போட்டிருந்தார்கள். இது எனக்குப் பிற்பாடு புரிந்தது.

நான் நாலாவது வாசலைத் தாண்டியதே இல்லை. அவசரப்பட்டு எல்லாச் சிப்பாய் மேலும் போய் முட்டுவேன். அண்ணன் ஒன்பதாவது வாசல்வரை போவான். டைப் அடிக்க வந்த அக்காமார்கள் எல்லாம் எழுந்து அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று பார்ப்பார்கள். வீட்டில் வாய் திறக்காதவன் அங்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவான். என் அண்ணன் ராஜாவாக இருந்து நான் பார்த்த ஒரே இடம் அந்த நாற்காலி.

அடுத்த வருடம் மாஸ்டர் கம்ப்யூட்டரை மாற்றினார். கெஞ்சி அந்த விளையாட்டை ஒரு ஃபிளாப்பியில் வாங்கிக்கொண்டேன். அப்பாவின் பழைய ஜரிகை டப்பாவில் அது பத்து வருடம் தூங்கியது.

இரண்டாயிரங்களின் நடுவில் நான் சென்னையில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருந்தேன். பிழை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். எனக்கென்றே செய்த வேலை. சனிக்கிழமை பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து திங்கட்கிழமை விடியலில் திரும்புவேன். அப்பாவுக்கு முட்டி தேய்ந்துபோனதால் தறியில் அண்ணன்தான் நெய்தான். அப்பா வலப்பக்கம் ஒரு பலகையில் உட்கார்ந்து, பார்டருக்கான நாடாவை, அதாவது குறுக்கு நூலை ஓட்டும் மரக்கட்டையை, வாங்கித் தள்ளுவார். உடல் ஒரு நிறம், பார்டர் வேறு நிறம் என்று நெய்து இரண்டையும் கோர்க்கும் கோர்வைச் சேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். அம்மா தார் சுற்றித் தருவாள். தார் என்பது நாடாவுக்குள் போடும் நூல் சுற்றிய சின்னக் குழல்.

இந்தத் தார் விஷயத்தில் மட்டும் அண்ணன் பெரிய கலெக்டர். உடலுக்கான தார் மூங்கில் கூடையில் இருக்க வேண்டும், பார்டர் தார் தகர டப்பாவில் இருக்க வேண்டும். இடம் மாறினால் அந்தப் பொறுமைசாலி வீடு அதிரக் கத்துவான். "கலெக்டர் ஐயா வராரு, கூடைய நேரா வைம்மா" என்று நானும் அம்மாவும் கிண்டல் செய்வோம்.

அந்த நேரத்தில்தான் அவனுக்கு ஒரு வேலை வந்தது. ஊரில் ஒரு பெரிய பட்டுக்கடைக்காரர் எங்கள் வீட்டுக்குச் சேலை பார்க்க வந்திருந்தார். விரித்துப் போட்ட ஆறு கஜத்தில் ஒரே ஒரு இழை விட்டுப்போயிருந்ததை அண்ணன் நின்ற இடத்திலிருந்தே சுட்டிக்காட்டினான். அவர் அசந்துபோய் அங்கேயே அவனை வேலைக்குக் கூப்பிட்டார். அவருடைய கடைக்காகச் சாயப்பட்டறையில் உட்கார்ந்து, வாடிக்கையாளர் கொடுக்கும் சாம்பிள் துண்டுக்கு நூலின் சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மரியாதையான வேலை. அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். அண்ணன் மட்டும் "பாக்கலாம், பாக்கலாம்" என்று இரண்டு மாதம் இழுத்தான். கடைசியில், அந்த மாதத்தின் கடைசிப் புதன்கிழமை சேர வேண்டும் என்று அவர்களே நாள் சொல்லிவிட்டார்கள்.

இப்படி ஒரு வாய்ப்பை எட்டி உதைப்பவனை நான் சோம்பேறி என்றேன், பயந்தாங்கொள்ளி என்றேன். அவன் எழுந்து தறிக்குப் போய்விடுவான். அவனை உற்சாகப்படுத்தத்தான் அந்த ஃபிளாப்பியைத் தேடி எடுத்தேன்.

வீட்டில் நான் வாங்கிப்போட்ட புதுக் கம்ப்யூட்டர் அந்த விளையாட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. அலுவலகத்தில் ஒருவர் எமுலேட்டர் கொடுத்தார். புதுக் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கும் மென்பொருள் அது. முதல் ஞாயிறு, விளையாட்டு திறந்து "கலரா, கறுப்பு வெள்ளையா" என்று கேட்டது. பழைய ஞாபகத்தில் கறுப்பு வெள்ளை என்றேன். திரை இருண்டது, அவ்வளவுதான். இரண்டாவது ஞாயிறு கலர் என்றேன். படம் வந்தது, ஆனால் துண்டுதுண்டாக வந்தது. திருடனின் தலை மேலேயும் கால் கீழேயும் கிடக்க, நடுவில் கோட்டைச் சுவர் ஓடியது. அது சரியானபோது வேகம் தாறுமாறாகி, சிப்பாய்கள் நாய் துரத்தியதுபோல ஓடினார்கள்.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒரு இணையக் குழுவில் கேட்டேன். யாரோ ஒரு புண்ணியவான், உன் பழைய கம்ப்யூட்டருக்குள் திரைக்குப் படம் அனுப்பும் அட்டை எந்த வகை என்று தெரிந்துகொள், எமுலேட்டரை அதே மாதிரி நடிக்கச் சொல், எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பட்டு ஊரில் பிறந்துவிட்டு, கலர் இருக்கும்போது யாராவது ஒற்றை மஞ்சளைத் தேடிப்போவார்களா? வேகத்தை மட்டும் குறைத்தேன். மூன்றாவது ஞாயிறு காலை படம் முழுதாக வந்தது. தவிட்டு நிறச் சுவர், சாவி தரும் சிப்பாய் பச்சை, உயிர் எடுக்கும் சிப்பாய் சிவப்பு, யார் சட்டையிலும் கட்டம் இல்லை. நாங்கள் அத்தனை நாள் மஞ்சளிலேயே பார்த்த விளையாட்டின் நிறங்களை அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன். பூரித்துப்போய் அண்ணனைக் கூப்பிட்டேன்.

அவன் கை துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு. முதல் வாசலிலேயே செத்தான். மறுபடி ஆரம்பித்தான், மறுபடி செத்தான். ஏழு தடவை.

"வயசாயிடுச்சுண்ணா உனக்கு," என்றேன்.

"இல்ல பாப்பா. படம் சரியா வரல. எல்லாச் சிப்பாயும் ஒரே மாதிரி இருக்கானுங்க."

"ஒருத்தன் பச்ச, ஒருத்தன் சிவப்பு. பட்டப்பகல்ல தெரியலையா?"

"மானிட்டர்ல ஏதோ கோளாறு இருக்குது, பாரு," என்றான்.

கோளாறு என்று சொன்னால் நான் விடுவேனா? மானிட்டரின் வெளிச்சத்தைக் கூட்டினேன். "இப்போ?" அப்படியேதான் இருக்குது என்றான். ஒயரைக் கழற்றி மாட்டினேன். "இப்போ?" அப்படியேதான். எமுலேட்டரில் நிற அமைப்பை மாற்றினேன். சிவப்பு குங்குமமாகப் பளிச்சிட்டது. "இப்பவாவது?" அவன் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்து, "ஆங், இப்போ பரவாயில்ல" என்றான். சொல்லிவிட்டு நேராகப் போய்ச் சிவப்புச் சிப்பாய் மேல் முட்டினான்.

என் வேலையில் ஒரு முறை உண்டு. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். எதை மாற்றினாலும் பிழை அசையவில்லை என்றால், அது நாம் பார்க்கும் இடத்தில் இல்லை. எழுந்துபோய்க் கூடையிலிருந்து ஒரு தார், டப்பாவிலிருந்து ஒரு தார் எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தேன். ஒன்று அரக்குச் சிவப்பு, ஒன்று பச்சை.

"எது பார்டர்ண்ணா?"

அவன் நெடுநேரம் பார்த்தான். பிறகு இரண்டையும் எடுத்து என் கையிலேயே திருப்பி வைத்தான்.

"தெரியாது," என்றான். "இருந்த எடத்துலயே வெச்சிடு பாப்பா. மாத்தி வெச்சிடாத."

கூடையும் டப்பாவும் எதற்கு என்று அந்த நொடியில் புரிந்தது. எனக்கு என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. பச்சையும் சிவப்பும் அவனுக்கு எப்போதுமே ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் கலர் பென்சிலை மாற்றித் தீட்டி அடி வாங்கியபோதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பன்னிரண்டு வருடமாகத் தறியில் உட்கார்ந்து, விரலாலும் இடத்தாலும் நினைவாலும் ஊரை ஏமாற்றியிருக்கிறான். இழை விட்டுப்போனால் அவனுக்குத்தான் முதலில் தெரியும். நிறம் கண்ணை இழுக்காததால் நெசவை மட்டுமே பார்க்கிறவன் அவன்.

"வர்ற புதன்கிழமை என்னண்ணா பண்ணுவ?"

"அதான் ரெண்டு மாசமா யோசிச்சிக்கினு இருக்கறேன்."

"அப்பாகிட்ட சொல்லு."

"மாட்டேன். நீயும் சொல்லக்கூடாது."

நான் கத்தினேன். முதல் நாளே சாயத்தை மாற்றிச் சொல்லி அவமானப்படப்போகிறாய் என்றேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கத்திக் களைத்தபின் வேறு என்ன செய்வது என்று தெரியாமல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். அந்த இணையப் புண்ணியவான் சொன்னதைச் செய்தேன். எமுலேட்டரின் அமைப்புக் கோப்பைத் திறந்து, பழைய ஒற்றை நிற அட்டை மாதிரி நடி என்று ஒரு வரியை மாற்றினேன். விளையாட்டு கேட்டபோது கறுப்பு வெள்ளை என்றேன். இந்த முறை படம் வந்தது. ஒரு விசையைத் தட்டத் தட்ட வெள்ளை, பச்சை என்று மாறி மஞ்சளில் வந்து நின்றது. கட்டம் போட்ட சட்டைக்காரர்கள் வரிசையாக நடந்துவந்தார்கள்.

"ஆடு," என்றேன்.

அவன் ஆடினான். நாலாவது வாசல், ஆறாவது, எட்டாவது. விரல்கள் எதையும் மறக்கவில்லை. அவன் ஒன்பதாவது வாசலில் இருந்தபோது, தறிக்கு ஆள் வரவில்லையே என்று அப்பா நொண்டிக்கொண்டே வந்து பின்னால் நின்றார். அவன் அதையும் தாண்டினான். அப்பாவுக்கு விளையாட்டு ஒன்றும் புரியவில்லை, ஆனால் மகன் ஜெயிக்கிறான் என்பது புரிந்தது.

"பாத்தியாமா அவன் கண்ண! அந்தக் கடக்காரரு சும்மாவா வந்து கேட்டாரு?" என்று என்னிடம் சொன்னார்.

அண்ணன் விசைகளிலிருந்து கையை எடுத்துவிட்டான். திரையில் திருடன் அசையாமல் நின்றான், ஒரு சிப்பாய் வந்து முட்டினான்.

"எனக்குக் கலரு தெரியாதுப்பா," என்றான். "பச்சையும் அரக்கும் எனக்கு ஒண்ணுதான். அந்த வேல எனக்கு வாணாம்."

அப்பா முதலில் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் தறி இருக்கும் அறைக்கு நடந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம். தறியில் ஒரு கல்யாணச் சேலை இருந்தது, முந்தானைதான் பாக்கி. அரக்கு உடல், பச்சைப் பார்டர். இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக்கொடுக்கும் என்று அப்பா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோன சேலை.

"இது எப்படித் தெரியுது உனக்கு?" என்று கேட்டார்.

"எல்லாம் ஒரே சாயலா இருக்குதுப்பா. நடுவுல கோர்வ ஓடுறது தெரியுது. ஜரிக தெரியுது. நல்லாதான் இருக்குது."

அப்பா பலகையில் உட்கார்ந்தார். பார்டர் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இத்தினி வருசமா ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா என்னத் தறியில ஒக்கார உட்டிருப்பியா?"

கேட்டுவிட்டு அண்ணன் வாசற்படியிலேயே நின்றான். உள்ளே வரவில்லை. அவன் பயந்தது சாயப்பட்டறைக்கு அல்ல, புதன்கிழமைக்கும் அல்ல, இந்தத் தறியை இழப்பதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா விட்டிருக்க மாட்டார். அது அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். விட்டிருப்பேன் என்று அவர் பொய் சொல்லப்போகிறாரோ என்று நான் பயந்தேன்.

அவர் பொய் சொல்லவில்லை. நாடாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமலே சொன்னார்:

"வந்து ஒக்காரு. பொழுது போறதுக்குள்ள முந்தி தொடங்கணும்."