பல்லைப் பார்த்து எடுத்த கட்டர்

நாங்கள் குடியேறிய இத்தாலிய நகரின் போர்கோ வெக்கியோ பகுதியில், துறைமுகம் பக்கமாக இருந்த ஒரு பட்டறையில் அப்பா நான்கு வருடங்களாகக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் நடுவில், தொழில்நுட்பப் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு நானும் அங்கே சேர்ந்தேன். அவர் கீழே, உலோகச் சுருள்களுக்கு நடுவில். நான் மேலே, கண்ணாடி அறையில், எந்த வேலைக்கு எந்தக் கருவி என்று சீட்டு எழுதும் மேசையில். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் கண்ட முதல் ஆள் நான். அந்த இரும்புப் படிகளில் ஒருநாளும் தலையைக் குனிந்து ஏறியதில்லை.

மூன்று மாதம் சோதனைக் காலம். அது நன்றாக முடிந்தால் ஒப்பந்தம், ஒப்பந்தம் இருந்தால் என் பெர்மெஸ்ஸோவை, அந்த வதிவிட அனுமதியை, புதுப்பிக்கலாம். இல்லையென்றால், அம்மா வேலை செய்த வீட்டுக்காரி சிஞ்ஞோராவின் தங்கை தன் வீட்டைத் துடைக்க ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் மாதம், மழைக்காலம். மீன்பிடிப் படகு ஒன்றின் பம்புக்கான துருப்பிடிக்காத எஃகு வார்ப்பு வடக்கிலிருந்து வந்திருந்தது. அதன் மேற்புறத்தை முதலில் முரட்டுத்தனமாகச் சீவி எடுக்க வேண்டும். அதற்கான வெட்டுக்கருவியான கார்பைட் கட்டர் எங்கள் பட்டறைக்கு அப்போது புதிது. விற்பனையாளர் இரண்டு மாதிரிகளையும் ஓர் அட்டவணைப் புத்தகத்தையும் விட்டுப் போயிருந்தார். இரண்டின் பல்லும், அதாவது வெட்டு விளிம்பும், அலை அலையாக இருக்கும். ஒன்றில் அலைகள் பெரியவை; தடித்த சீவல் வரும். மற்றதில் அலைகள் நெருக்கமானவை. சீவல் பொடியாக வரும்.

"எது வேண்டுமென்று நீயே முடிவு செய்" என்றார் முதலாளி.

கீழே உலோகம் சீவும் மில்லிங் மெசினில் நின்ற சிசிலியக்காரர், பேராசிரியை என்று என்னைக் கேலி செய்து கத்தினார்: "புரொபெஸ்ஸொரெஸ்ஸா! இன்றைக்கு எந்தப் பக்கம் வாசிக்கிறோம்?"

நான் அட்டவணையை வாசித்தேன். கடினமான எஃகுக்கு நெருக்கமான அலை என்று அதில் இருந்தது. அந்தக் கட்டரின் எண்ணை ஒரு சீட்டில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். பெட்டியை எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. அவருக்கு வாசிக்கத் தெரியாது. சீட்டில் உள்ள எண்ணின் உருவத்தைப் பெட்டியில் உள்ள உருவத்தோடு வைத்து ஒப்பிட்டுத்தான் எடுப்பார்.

சிறிது நேரத்தில் படியேறி வந்தார்.

"பிள்ளை, உந்தக் கட்டற்றை மெசின் பிடிக்கிற வால் வழவழவெண்டு கிடக்கு. மற்றதிலை ஒரு பக்கம் தட்டையாச் செதுக்கியிருக்கு. அதிலையல்லோ இவை ஆணி வைச்சு இறுக்கிறவை? வழவழப்பானது கழண்டு வாறதை நான் கண்டனான்."

"அப்பா, நான் வாசிச்சுப் பாத்துத்தான் எழுதினனான்."

"ஓம், ஓம். நீ படிச்சனி." அவர் இறங்கிப் போனார். எங்கள் வீட்டில் நான் வாசித்துச் சொன்ன பிறகு யாரும் மறுத்துக் கதைப்பதில்லை.

அட்டவணை வெட்டும் முனையைப் பற்றித்தான் சொன்னது. பிடிக்கும் முனையைப் பற்றி வேறொரு பக்கத்தில் இருந்தது. நான் அதைப் புரட்டவில்லை. எங்கள் மெசினின் பிடி தேய்ந்து போயிருந்ததையும் கேட்டு அறியவில்லை.

முதல் கால் மணி நேரம் சத்தம் சீராக இருந்தது. பிறகு கனத்தது. கட்டர் பிடியிலிருந்து மயிரிழை மயிரிழையாக நழுவி ஆழத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சிசிலியக்காரர் நிறுத்துவதற்குள் முறிந்தது. வார்ப்பின் நடுவில் விரல் ஆழத்துக்கு ஒரு பள்ளம். அதை ஒட்டிச் சரிசெய்ய வழியில்லை. வேறு வார்ப்பும் இல்லை.

முதலாளி முறிந்த துண்டைக் கையில் உருட்டினார். "வழவழப்பான வாலா? இதை யார் கொண்டுவந்தது?"

"நான்" என்றார் அப்பா, தனக்குத் தெரிந்த இத்தாலியத்தில். "பிள்ளை மற்றதை எழுதினாள். நான் பெட்டி மாறி எடுத்தேன்."

"சீட்டு எங்கே?"

"தொலைந்துவிட்டது."

முதலாளி என்னைப் பார்த்தார். "நீ மற்றதைத்தானே எழுதினாய்?"

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. "ஆம்" என்றேன்.

அன்று எங்கள் வீடிருந்த ஒரேத்தோவுக்கு மழையில் நடந்தே போனோம். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாமல் வா. எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு அவைக்கு முதலே தெரியும். பெரிசா ஒண்டும் நினைக்கமாட்டினம்" என்றார். குடை முழுவதும் என் பக்கமே சாய்ந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து அவருக்குக் கடிதம் கொடுத்தார்கள். சமையலறை மேசையில் விரித்து வைத்தார்.

"என்ன எழுதிக் கிடக்கு?"

எழுத்தறிவு இல்லாத காரணத்தால் தவறான கருவியை எடுத்துக் கொடுத்தவர் என்று ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே கையெழுத்துக்கான கோடு.

"வேலை முடிஞ்சுதெண்டு."

"அவ்வளவுதானோ?"

"ஓம்."

"எங்கை வைக்கிறது?"

நான் விரலால் காட்டிய இடத்தில், தனக்குத் தெரிந்த ஒரே எழுத்தை, தன் பெயரின் முதல் எழுத்தை, மெதுவாகக் கீறினார்.

அடுத்த வாரம் என் ஒப்பந்தம் வந்தது. அப்பா அப்போது பொலிதெயாமா நாடக அரங்குப் பக்கத்தில் மாடிப்படிகள் கழுவப் போய்க்கொண்டிருந்தார். வந்து, கைகளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, அதை முழுக்க வாசிக்கச் சொன்னார். ஒரு வரியும் விடாமல் வாசித்தேன்.