பதினாறு ஜூலுக்கு மேலே

எங்கள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் எனக்கு இடப்பக்கத்து நாற்காலி அவளுடையது. பதினோரு வருடமாக அதில்தான் உட்காருகிறாள். நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் நிதானம். போனை எடுத்ததுமே எதிர்முனையில் யாராவது அலறுவார்கள். மாடியிலிருந்து விழுந்த குழந்தை, மூச்சு நின்ற அப்பா, என்ன வேண்டுமானாலும் இருக்கும். அவள் குரல் மட்டும் ஏறாது. "முதல்ல ஒரு மூச்சு விடுங்க. எங்க இருக்கீங்கன்னு சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்" என்பாள். அலறுகிறவர் எப்படியோ அடங்கிவிடுவார்.

ஆனால் காதில் விழுந்ததெல்லாம் எங்கேயாவது போய்த் தங்கத்தானே செய்யும். நாற்பத்து மூன்று வயதில் அவளுக்குத் தூக்கம் கெட்டது. கதவு சாத்துகிற சத்தத்துக்கே தோள் தூக்கிப்போட்டது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றில் மனதைப் போடச் சொன்னார். நீச்சலுக்குப் போனாள், காதில் தண்ணீர் புகுந்ததோடு சரி. படம் வரையக் கற்றாள். அவள் வரைந்த பூனையை வீட்டில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. கடைசியில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த குறிசுடும் மன்றத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்த்தாள்.

மன்றத்து ஏர் ரைஃபிள் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பத்து மீட்டர் தள்ளி ஒரு காகித வட்டம். மூச்சைப் பாதி விட்டு, அப்படியே நிறுத்தி, விரலை மெல்ல அழுத்த வேண்டும். அந்தப் பத்து நொடி யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அன்று வீட்டுக்குப் போய்ப் படுத்தவளை மறுநாள் காலை அலாரம்தான் எழுப்பியதாம்.

நாலு மாதம் மன்றத்துத் துப்பாக்கியிலேயே சுட்டாள். பிறகு சொந்தமாக ஒன்று வாங்கினாள். கடைக்காரர் அடையாள அட்டையின் நகலை வாங்கிக்கொண்டு, படிவத்தில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டு, விதியை விளக்கினார். குண்டு குழலைவிட்டு வெளியே வரும்போது அதன் சக்தியை ஜூல் என்ற கணக்கில் அளப்பார்கள். பதினாறு ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம், பில்லும் அடையாள அட்டையும் போதும். பதினாறைத் தாண்டிவிட்டால் கதையே வேறு. போலீஸ் விசாரணை, டாக்டர் சான்றிதழ், மாதக்கணக்கில் காத்திருப்பு. லைசென்ஸ் இல்லாமல் அப்படி ஒன்றை வைத்திருந்தாலே வழக்கு. தெரியாமல் வைத்திருந்தேன் என்றாலும் வழக்குதான். அவள் வாங்கியது பதினைந்துக்கும் கீழே என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. நிம்மதியாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

வீட்டில் அவளைத் தவிர இரண்டு பேர். கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அவருடைய அக்காவுக்கு உடுப்புத் தொழிற்சாலையில் வேலை. தைத்து வருகிற சட்டைகளில் குறை கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்தபிறகும் நாத்தனார் அந்த வேலையை விடுவதில்லை. துப்பாக்கி வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நம்மாள் துப்பாக்கியை இரும்பு அலமாரியில் பூட்டி, குண்டு டப்பாவை வேறு இழுப்பறையில் பூட்டி, இரண்டு சாவியையும் கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொண்டாள். நாலாம் நாள் நாத்தனார் அந்தச் சாவிகளைப் பார்த்து, "தாலிக்குக்கூட நீ இவ்வளவு காவல் போட்டதில்ல" என்றார். பேச்சு திரும்பிவிட்டது.

புதுத் துப்பாக்கியை ஒரு மாதத்துக்குள் அளந்து பதிவு செய்ய வேண்டும் என்பது மன்றத்தின் விதி. ஒரு ஞாயிறு காலை எடுத்துப் போனாள். மன்றத்துச் செயலாளர் ஒரு பல் டாக்டர். அன்று அவருக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அளக்கிற கருவி உள்ளங்கை அகலம்தான். குழல் முனைக்கு நேராக வைத்துச் சுட்டால், குண்டு கடந்து போகிற வேகத்தைப் பிடித்து, ஜூல் இத்தனை என்று காட்டிவிடும். அவள் முறை வந்தது. தன் டப்பாவிலிருந்து குண்டு போட்டு ஐந்து முறை சுட்டாள். 16.9. 16.8. 17.0. மற்ற இரண்டும் அதே மாதிரிதான்.

செயலாளர் பேசுவதற்கு முன்பே அவர் முகம் மாறியதை அவள் பார்த்துவிட்டாள்.

"இதை நீங்க இனிமே வெளிய எடுத்துட்டுப் போக முடியாதும்மா" என்றார். "இங்கயே பெட்டகத்துல பூட்டி வெச்சிடறேன். மன்றத்துலேருந்து போலீசுக்கு எழுதியாகணும். அதுக்கு முன்னாடி நாளைக்குக் காலையிலயே நீங்களா போய்ச் சொல்லிட்டா நல்லது."

வரிசையில் நின்ற ஒருவர் அவளைத் தனியே கூப்பிட்டு, ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிட்டால் சக்தி குறைந்துவிடும், அரைமணி நேர வேலை, யாருக்கும் தெரியாது என்றார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். தைரியத்தில் இல்லை, பயத்தில்தான் அப்படிச் செய்ததாகப் பிற்பாடு என்னிடம் சொன்னாள். எங்கள் வேலைக்கு வருடா வருடம் போலீஸ் சான்று வர வேண்டும். பெயரில் ஆயுத வழக்கு ஒன்று விழுந்தால் அந்த நாற்காலியில் மறுபடி உட்கார முடியாது. சக்தி கூடின துப்பாக்கி ஒரு மாதமாக வீட்டில் இருந்திருக்கிறது. இனி என்ன செய்தாலும் அந்த ஒரு மாதத்தை அழிக்க முடியாதே என்பதுதான் அவள் மனதில் ஓடியதெல்லாம்.

அன்று மத்தியானம் எனக்குப் போன் செய்தாள். திங்கட்கிழமை ஷிப்டை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்கத்தான். பாதியிலேயே குரல் உடைந்துபோனது. பதினோரு வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. "முதல்ல ஒரு மூச்சு விடு" என்றேன்.

வீட்டில் கணவர் கடைக்குப் போன் போட்டுப் பார்த்தார்; ஞாயிறு விடுமுறை. ஜெயிலில் உனக்குக் கொண்டுவந்து கொடுக்க நான் சமையல் கற்றுக்கொள்ள வேண்டுமே என்று தமாஷ் செய்து பார்த்தார். அவள் அழத் தொடங்கியதும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் காலை அவரால் லீவு போட முடியாது, பேருந்துக்காக நாற்பது பிள்ளைகள் காத்திருப்பார்கள். யார் கூடப் போவது என்ற பேச்சு வந்தபோது, அதுவரை வாயே திறக்காத நாத்தனார், "நான் போறேன்" என்றார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். அந்தக் குண்டு டப்பாவும் போலீசுக்கே போக வேண்டும், துப்பாக்கி சம்பந்தப்பட்ட ஒரு துரும்புகூட வீட்டில் இருக்கக் கூடாது. டப்பாவை வாங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

காலை ஒன்பதரைக்கு அவளும் நாத்தனாரும் மன்றத்துச் செயலாளரும் காவல் நிலையத்து ஆயுதப் பிரிவில் இருந்தார்கள். செயலாளர் துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் தானே எடுத்து வந்திருந்தார். சுவரோரம் மரப்பெஞ்சு, மேசை மேல் ஆளுயரத்துக்குக் கோப்பு. சப் இன்ஸ்பெக்டர் அவள் எழுதிக்கொண்டு வந்த கடிதத்தைப் படித்தார், பில்லைப் பார்த்தார், பெட்டியில் அச்சடித்திருந்ததைப் பார்த்தார். பின்கட்டிலிருந்து துப்பாக்கி பழுது பார்க்கிற ஏட்டைக் கூப்பிட்டார். ஏட்டு கைகளில் எண்ணெய்க் கறையோடு வந்து, துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரும் கழட்டல. ஸ்க்ரூ எல்லாம் கம்பெனி போட்டது அப்படியே இருக்கு" என்றவர் செயலாளர் பக்கம் திரும்பினார். "சார், எந்தக் குண்டு போட்டு அளந்தீங்க?"

அவள் கொண்டுவந்த குண்டு என்றார் செயலாளர்.

"மெஷின்ல எடை எவ்வளவு வெச்சிருந்தீங்க?"

"அதை நான் மாத்தவே இல்லையே" என்றார் செயலாளர். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தக் கருவிக்கு வேகம் மட்டும்தான் தெரியும். குண்டின் எடையை நாம்தான் அதில் பதிய வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் அது ஜூலைக் கணக்குப் போடுகிறது. மன்றத்துக் குண்டு 0.54 கிராம். அந்த எடைதான் அன்று முழுக்கக் கருவியில் இருந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் மன்றத்துக் குண்டில் சுட்டார்கள், அவள் ஒருத்தியைத் தவிர.

"உங்க குண்டு எவ்வளவும்மா?" என்றார் ஏட்டு.

அவளுக்குத் தெரியவில்லை. டப்பாவில் போட்டிருக்கும் என்றாள்.

நாத்தனார் கைப்பையைத் திறந்து டப்பாவை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பொடி எழுத்தைப் படித்தார். "பூச்சியம் புள்ளி நாலு ஆறு." சட்டையில் விட்டுப்போன தையலைக் காட்டுகிறவர் மாதிரி ஏட்டிடம் டப்பாவை நீட்டி, அந்த இடத்தில் விரலை வைத்தார்.

லேசான குண்டு வேகமாகப் போயிருக்கிறது. அந்த வேகத்தைக் கனமான குண்டின் எடையோடு பெருக்கி, இல்லாத சக்தியைக் கருவி காட்டியிருக்கிறது. ஆனாலும் வாய்ப்பேச்சில் விட முடியாது என்று சொல்லி ஏட்டு துப்பாக்கியைப் பின்கட்டுக்கு எடுத்துப் போனார். சுவர் வழியாகத் தட் தட்டென்று சத்தம் வந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நாத்தனார் அவள் மணிக்கட்டை அழுத்தினாராம். பத்துச் சத்தம் கேட்டது. ஏட்டு ஒரு தாளோடு வந்தார். அவள் குண்டில் ஐந்து, 0.54 கிராம் குண்டில் ஐந்து. எல்லாவற்றிலும் அதிகம் 14.5.

சப் இன்ஸ்பெக்டர் தாளை இரண்டு தடவை படித்தார். "லைசென்ஸ் தேவையில்ல. வழக்கும் இல்ல. இந்தத் தாள்ல சீல் போட்டுத் தரேன், துப்பாக்கிப் பெட்டியிலயே வெச்சுக்கங்க" என்றார். சீல் போட்டு நீட்டும்போது மட்டும் கொஞ்சம் சிரித்தார். "இந்த மாதிரி ஆனா ஸ்பிரிங்க வெட்டிட்டு கம்முனு இருந்துடுவாங்க. வெட்டியிருந்தீங்கன்னா, நல்ல துப்பாக்கியில கைவெச்சதுக்கு நான் கேஸ் எழுதியிருக்கணும்."

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். செயலாளர் அவள் எதிரில் நின்று, கூட்டத்தில் அவசரப்பட்டுவிட்டேன், உங்கள் ஒரு நாள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொருவர் குண்டையும் தராசில் நிறுத்துவிட்டுத்தான் அளக்கிறார். அவள் அவர்மேல் கோபப்பட நினைத்தாளாம். தேடிப் பார்த்தும் கோபம் அகப்படவில்லை, சிரிப்புத்தான் வந்தது. நாத்தனார் எதிர்க் கடையில் மூன்று டீ வாங்கி வந்தார். டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இதுல இன்னும் எத்தனை குண்டு இருக்கு?" என்று கேட்டார். பிறகொரு நாள் மன்றத்துக்கே வந்து சுட்டும் பார்த்தார். வட்டத்தில் ஒன்றும் படவில்லை. காகிதம் கோணலாக ஒட்டியிருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

டீயைக் குடித்துவிட்டுக் கணவருக்குப் போன் செய்தாள். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, காலிப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் போனை மடியில் வைத்தபடி அவர் காத்துக்கொண்டிருந்தார். பதினாலு புள்ளி அஞ்சு, ஒன்றும் இல்லை, எல்லாம் சரியாகிவிட்டது என்றாள்.

"பசிக்குது" என்றார் அவர். "நேத்து மத்தியானத்துலேருந்து சாப்பிடலைன்னு இப்பத்தான் தெரியுது."