பேச்சுவார்த்தை டீ

இன்று சித்தூர் கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் மணந்த ஏலக்காய் டீ, இப்போது வீட்டுமனைகளாகிவிட்ட எங்கள் நூல்மில் குடியிருப்புக்கு என்னை இழுத்துப் போனது. மில் பூட்டிக் கிடந்த மாதங்களில், லேபர் ஆபீசர் கூப்பிடும் பேச்சுவார்த்தைக்கெல்லாம் தொழிலாளிகள் தரப்பில் நைனா வெளுத்த சட்டையில் போவார். முடிவு வரும்வரை முதலாளி தரப்பு வாங்கித்தரும் டீயைத் தொடுவதில்லை என்பது தொழிலாளிகளின் கட்டுப்பாடு. ஆகவே இன்னொரு வாய்தாவோடும் வறண்ட தொண்டையோடும் திரும்புகிறவருக்காக, மில் சங்கு ஊதாத அந்தச் சாயங்காலங்களில் அம்மா டீயைச் சுடவைத்துச் சுடவைத்துக் கறுக்கவிட்டிருப்பாள்.

ஒருநாள் அவள் நீட்டிய டம்ளரை நைனா வாங்கவில்லை.

“வேணாம். அங்கியே குடிச்சிக்கினு வந்துட்டேன்.”

“அப்போ மில்லத் தொறக்கறாங்களா?” அம்மா சிரித்தேவிட்டாள்.

நைனா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“இல்லமே. தாகமா இருந்துச்சி.”